சாரத்தின் மேலே நான், கீழே நெட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. பயப்படாமல் படி. ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். சக்கரம் வைத்த இரும்புச் சாரம். மேலே ஆள் இருக்கும்போது தள்ளக் கூடாது. திங்கட்கிழமை நான் மேலே நிற்கும்போதே என் கூட்டாளி நெட்டை, "இறங்கி ஏற நேரமாகும், கெட்டியா பிடிச்சுக்க" என்று தள்ளிவிட்டான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. சாரம் சாய்ந்து சுவரில் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மேஸ்திரி ஓடிவந்து, "எவன்டா தள்ளினது?" என்றார். நெட்டைக்கு வேலை போய்விடுமே என்று, "நான்தான் தள்ளச் சொன்னேன்" என்றேன். என்னைக் கீழே நிறுத்திவிட்டு அவனை மேலே ஏற்றினார்.

அன்றிலிருந்து நெட்டை என்னோடு பேசுவதில்லை. தங்கும் கொட்டகையில் அடுத்தடுத்த படுக்கைதான், ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். காப்பாற்றியவன் மேல் என்ன கோபம்?

இன்று காலை சாரத்தை நகர்த்த வேண்டியிருந்தது. நான் சொல்வதற்குள் இறங்கி வந்தான். சேர்ந்து தள்ளினோம். நான் பிரேக் போட்ட ஒவ்வொரு சக்கரத்தையும் அவன் குனிந்து அசைத்துப் பார்த்தான். ஏறப் போனவன் நின்று, "அன்னிக்கு நீ விழுந்திருந்தா, உன் வீட்டுக்கு நான்தானே போன் பண்ணியிருக்கணும்?" என்றான். அவன் ஏறிப் போய்விட்டான்.

துடைக்கத் துணி இங்கே மூட்டையாகக் கிடக்கிறது. இருந்தாலும் உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு.

சாப்பாட்டு நேரம் முடிந்தது, மேஸ்திரி கூப்பிடுகிறார். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? நீயே எழுது.

பாப்பாவின் அப்பா