ஊற்று வாயில் நான் வைத்த கல்

லவிலாத், 19 செப்டம்பர் 1976

அன்புள்ள சொலேன்,

நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை எதியேனும் அங்கே நலமாக இருக்க வேண்டும். மாண்ட்ரியலில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. இங்கே போன வாரம்தான் மழையைப் பார்த்தோம், அதுவரை ஜூனிலிருந்து ஒரு சொட்டு இல்லை, மேட்டுப் புல்லெல்லாம் இன்னும் காலடியில் நொறுங்குகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். காட்டோரத்து ஊற்று இரண்டாகப் பிரிந்து ஒரு வாய்க்கால் நம் தொட்டிக்கும் இன்னொன்று கீழே ஃபெர்னான் வீட்டு மேய்ச்சலுக்கும் போகும் இல்லையா, ஜூலையில் தண்ணீர் விரல் கனத்துக்குக் குறைந்ததும் நான் போய் அவர்கள் பக்கத்து வாயில் ஒரு கல்லை வைத்துக் களிமண்ணால் அடைத்துவிட்டேன். நம் பசுக்களுக்கு மடி வற்றுகிறதே, இரண்டு நாளைக்கு மட்டும் என்றுதான் வைத்தேன், ஆறு வாரம் எடுக்கவில்லை. அவர் மனைவி லெயோனி வந்து, "ஊத்து செத்துப்போச்சு போலிருக்கு, உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டபோது, "எங்களுக்கும் சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் நம் காபியைக் குடித்துவிட்டுப் போனாள். ஆகஸ்ட் கடைசியில் ஃபெர்னான் ஏழு பசுக்களையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு நம் வாசல் வழியாகத்தான் போனார், நான் ஜன்னலை விட்டு விலகி நின்றேன்.

அன்றே போய்க் கல்லை எடுத்தேன், எடுத்து யாருக்கு என்ன? போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபெர்னான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வச்ச மறுநாளே பார்த்துட்டேன், ஓர்தான்ஸ். களிமண்ணுல உன் விரல் பதிஞ்சிருந்துச்சு" என்றார். நீங்களே எடுத்திருக்கலாமே, ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இல்லேன்னிருப்பே. இந்த மேட்டுல புகையிற அடுப்பே ரெண்டுதான். பனி மூடினா ஏப்ரல் வரைக்கும் உன் முகம், என் முகம், வேற யாரு? நீயா எடுப்பேன்னு தினமும் போய்ப் பார்த்தேன்" என்றார். லெயோனி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவிடமும் அன்றுதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, நம் செம்பசுக்களில் இரண்டைக் கொண்டுபோய் அவர்கள் கொட்டிலில் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் இரண்டும் நம் வாசலில் நிற்கின்றன. அவற்றைக் கறந்த பால் பக்கத்திலேயே ஒரு கேனில் நிறைந்திருந்தது, ஒரு கிண்ணம்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சமாதானம் சொல்லி எழுதாதே. முடிந்தால் லெயோனிக்கு நாலு வரி எழுது, என்னைப் பற்றி எதுவும் வேண்டாம். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க மாதா துணையிருக்கட்டும்.

தலைகுனிவோடு,
உன் அம்மா ஓர்தான்ஸ்