மண்வாகு வேலை செய்யாத அறுபத்து மூன்று இடங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மட்டும் நாற்பத்தோரு இடங்களில் உருளையைச் சண்டைக்கு விட்டேன். உருளை என்பது எங்கள் விளையாட்டில் வரும் ஒரு குட்டி மிருகம். பெயருக்கேற்ற உடம்பு. அதற்கு மண்வாகு என்று ஒரு தாக்குதல் உண்டு. நிற்கிற தரையைப் பொறுத்து அடி மாறும். புல்லில் நின்றால் கொடி கிளம்பி எதிரியின் காலைச் சுற்றும். மணலில் நின்றால் எதிரியின் கண்ணில் மண். தண்ணீரில் அலை, பாறையில் கல்மழை. வீட்டுக்குள் நின்றால் வெறும் ஒரு தள்ளு, அவ்வளவுதான். இதை யோசித்தவர் குடும்பஸ்தராக இருக்க வேண்டும்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் சரியான அடி வருகிறதா என்று சோதிப்பது என் வேலை. வராவிட்டால் புகார் எழுத வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. "விளையாடுறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது சிரித்துவைக்கிறேன். வலது கட்டைவிரலை மடக்கினால் உயிர் போகிறது.

அம்மா இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து எழுந்தால் இன்னும் இடப்பக்கம்தான் திரும்புகிறாள். பழைய வீட்டில் குளியலறை அந்தப் பக்கம். இங்கே அலமாரி. இன்று நெற்றியில் நன்றாக இடித்துக்கொண்டாள்.

மார்ச் 6, வியாழன்

தாவல் விசை வந்ததிலிருந்து வேலை பறக்கிறது. நிரல் எழுதும் தம்பியை நச்சரித்து நான்தான் கேட்டு வாங்கினேன். முன்பெல்லாம் கடற்கரையைச் சோதிக்க வேண்டுமென்றால் காடு தாண்டி, பாலம் தாண்டி, பதினோரு நிமிடம் நடக்க வேண்டும். இப்போது பட்டியலில் பெயரைத் தொட்டால் அங்கே போய் இறங்கலாம். இறங்கு, எதிரியை வரவழை, அடி, குறித்துக்கொள், அடுத்த இடம்.

இன்று பத்தொன்பது புகார்கள். எல்லாமே தோட்டக்காரர் தலையில். ஒவ்வொரு தரையையும் வரைந்து, அதற்குப் புல், மணல், பாறை என்று அடையாளம் ஒட்டுகிறவர் அவர். அதனால் அந்தப் பட்டப்பெயர். ஐம்பத்திரண்டு வயது. கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், போன வருடம்தான் ஒப்பந்தத்தில் இங்கே சேர்ந்தார். மாதக் கடைசியில் அது முடிகிறது. நீட்டிப்பார்களா என்று காப்பி எந்திரத்தின் பக்கத்தில் நின்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் என் மேசைக்கு வந்தார்.

"கடற்கரைல எனக்கு மணல் அடிதாம்மா வருது."

"இல்லைண்ணா, கொடி வருது. வீடியோ சேத்திருக்கேன், பாருங்க."

இரண்டு முறை பார்த்தார். "ஆமா. கொடிதான் சுத்துது" என்றார். தலையைச் சொறிந்துகொண்டே போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு நானே எழுதுவதில் மறைப்பானேன்.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கு அலுப்பு வடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. அறுபத்து மூன்று இடங்களில் தப்பான அடி. தோட்டக்காரர் 'சரிசெய்தாயிற்று' என்று திருப்பி அனுப்புகிறார். நான் தாவிப் போய் அடித்துப் பார்க்கிறேன். அதே கொடி, அல்லது அதே கல்மழை. மறுபடி அவருக்கே அனுப்புகிறேன். கடற்கரை மூன்றாவது முறை. மூன்றாவது முறை என்றால் பட்டியலில் அந்த வரி தானாகச் சிவப்பாகிவிடும், மேலாளர் கண்ணில் படும்.

இன்று எரிச்சலில் குறிப்பு எழுதும் இடத்தில், 'அனுப்புமுன் தயவுசெய்து ஒருமுறையாவது பார்க்கவும்' என்று எழுதினேன். அந்த 'ஒருமுறையாவது' வேண்டாம்தான். போகட்டும். எனக்கும் தலைக்கு மேல் வேலை.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம். மேலாளர் என்னைவிட ஆறு வயது சின்னவர். பட்டியலைச் சுவரில் பெரிதாகப் போட்டார். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. எல்லா வரியிலும் ஒரே பெயர்.

"மூணு தடவை திருப்பி அனுப்பியும் சரியா வரலைன்னா என்ன அர்த்தம்?"

தோட்டக்காரர் எழுந்து நின்றார். எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. "நான் மணல்னுதான் ஒட்டறேன் சார். ஞாபகம் இருக்கு. ஆனா வீடியோல வேற மாதிரி வருது. பாத்துக்கறேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேலாளர் என்னை நிறுத்தினார். அடுத்த மாதம் சோதனைக் குழுவை என்னிடம் ஒப்படைக்கப்போகிறாராம். "அவர முப்பத்தொண்ணோட அனுப்பிடலாம்னு இருக்கேன். உங்க லிஸ்ட் ரொம்ப வசதியா போச்சு."

பதினோரு வருடம் கழித்து ஒரு பதவி. சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் கிடந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

தோட்டக்காரர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தடித்த கறுப்புச் சட்டம். முகத்துக்கு ஒட்டவே இல்லை.

"என்னண்ணா, கண்ணாடி?"

"புல்லுக்கு பச்சை, மணலுக்கு மஞ்சள்னு கலர் பாத்துதானே ஒட்டறேன். எனக்கு கலர் மாறித் தெரியுதோன்னு சந்தேகம் வந்துடுச்சும்மா. டாக்டர் அப்படி ஒண்ணும் இல்லைங்கறார். எதுக்கும் இருக்கட்டும்னு படிக்கறதுக்குக் குடுத்திருக்கார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கடற்கரைதான் வருது" என்றார்.

நான் என்ன சொன்னேன்? 'சரியாயிடும்ணா' என்றேன். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சொல்.

மார்ச் 20, வியாழன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் வந்த புதுப் பதிப்பில் தாவல் விசை வேலை செய்யவில்லை. நிரல் தம்பி விடுப்பு. சரி என்று கடற்கரைக்கு நடந்தே போனேன். காடு, பாலம், மணல். எதிரியை வரவழைத்து மண்வாகு அடித்தேன். கண்ணில் மண். சரியான அடி! அப்பாடா, ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார் மனிதர் என்று, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்றப் பதிவைத் திறந்தேன். ஜனவரியில் மணல் என்று ஒட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் அதே மணலை எடுத்து அதே மணலை மறுபடி ஒட்டியதுதான். நாலு தடவை.

பழைய பதிப்பைத் திறந்தேன். புல்வெளியிலிருந்து கடற்கரைக்குத் தாவி, இறங்கியதும் அடித்தேன். கொடி. திரும்பத் தாவி, ஒரே ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு அடித்தேன். மண்.

இன்னும் எட்டு இடங்களில் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதேதான்.

நிரல் தம்பிக்கு போன் போட்டேன். "காலடி வைக்கும்போதுதானேக்கா தரை என்னன்னு ஆட்டம் பாக்கும்? தாவினா பழைய தரைதான் நிக்கும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

தெரியாது. இறங்கிய இடத்திலேயே நின்று அடித்துவிட்டு, ஓரடிகூட வைக்காமல் அடுத்த இடத்துக்குத் தாவியிருக்கிறேன், இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும். பட்டியலில் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே தரை; அதனால் அங்கெல்லாம் சரியாக வந்திருக்கிறது. தரை மாறுகிற இடங்களில் மட்டும் முந்தைய இடத்து அடி. அந்த அறுபத்து மூன்று. விளையாட வாங்குகிறவர்கள் கையில் தாவல் விசையே இருக்காது. உலகத்தில் ஒருவருக்கும் வராத பிழை, எனக்கு மட்டும் வந்த பிழை. அதை அந்த மனுஷன் தலையில கட்டி, கண் டாக்டர்கிட்ட அனுப்பி... என்ன வேலை பாத்து வெச்சிருக்கேன் நான்?

மார்ச் 21, வெள்ளி

சொல்லவில்லை. மேலாளர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன்.

மார்ச் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவின் அறையில் அலமாரியை நகர்த்தினேன், இடப்பக்கம் திரும்பினாலும் இடிக்காதபடி. "எதுக்குடி இவ்வளவு கஷ்டப்படறே, நான் பழகிக்க மாட்டேனா?" என்றாள். அம்மாவும் தாவி வந்தவள்தான், பாவம்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றும் ஆகாது. ஆட்டம் ஒழுங்காக வெளிவரும். குழு என்னிடம் வரும். அவர் ஒப்பந்தம் முடிந்து போவார், தன் கண் கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே போவார். யாருக்கும் தெரியவே தெரியாது.

மார்ச் 24, திங்கள்

சொன்னேன். மேலாளர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நல்லதுதானே, பிழையே இல்லைல்ல? சத்தமில்லாம எல்லாத்தையும் 'சரிசெய்யப்பட்டது'ன்னு மூடிடுங்க."

"அப்படி மூடினா அவர் தப்பு பண்ணி, அப்புறம் திருத்தினதா ஆயிடும் சார். 'தவறான புகார்'னுதான் மூடணும்."

"அது உங்க பேர்ல விழும். அறுபத்து மூணு. அப்புறம் டீமை எப்படி உங்ககிட்ட குடுக்கறது? நாளைக்குள்ள யோசிச்சு சொல்லுங்க."

இருக்கைக்கு வந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தேன். ஒரு வரியைக்கூட மூடவில்லை. அந்தப் பதவி எனக்கு வேண்டும். வேண்டாம் என்று வேஷம் போட முடியாது. கட்டைவிரல் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

மார்ச் 25, செவ்வாய்

காலையிலேயே உட்கார்ந்தேன். கடற்கரையில் ஆரம்பித்தேன். 'தவறான புகார். சோதித்தவர் தாவி இறங்கி, காலடி வைக்காமல் அடித்தது காரணம். வரைபடத்தில் குறை இல்லை.' ஒரே வாக்கியத்தை வெட்டி ஒட்டியிருக்கலாம். ஒவ்வொன்றாகத் தட்டினேன். பதினொன்றரை மணிக்கு அறுபத்து மூன்றும் முடிந்தது.

பிறகு அவர் மேசைக்குப் போனேன். கணினியே அவருக்குச் சொல்லிவிட்டிருந்தது, அறுபத்து மூன்று தடவை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகுமா, நீட்டிப்பு உண்டா, மேலாளர் என்ன சொன்னார் என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்குண்ணா. என் தப்புதான். மன்னிச்சுடுங்க."

"என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேம்மா. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, இனிமே இந்த வேலை ஓடாதுன்னு." புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு அடி வெச்சுப் பாத்திருக்கலாமேம்மா" என்றார். அப்புறம் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கழிப்பறையில் போய் அழுதேன். பத்து நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வந்து வேலை பார்த்தேன்.

மார்ச் 31, திங்கள்

அவருக்கு ஒரு வருடம் நீட்டிப்பு. சிவப்பு வரி ஒன்றுகூட இல்லாத ஒருவரை அனுப்ப மேலாளருக்குக் காரணம் கிடைக்கவில்லை போல. சோதனைக் குழு பக்கத்து மேசைப் பெண்ணுக்கு. கெட்டிக்காரி, நன்றாகவே பார்த்துக்கொள்வாள். மூன்று முறை வாழ்த்துச் சொன்னேன், மூன்றாவது முறை மனதாரச் சொன்னேன்.

லிஃப்டில் தோட்டக்காரரும் நானும் மட்டும். நாலு மாடியும் எண் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இது நன்றாக வேண்டும்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

எல்லா இடத்தையும் மறுபடி சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை நடந்து. நாளுக்கு முப்பது இடம் தேறுவதே பெரிது. வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அதற்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

நூற்று முப்பத்தேழாவது இடம், இடிந்த கோட்டையின் கிணற்று முற்றம். கல் பாவிய தரை. மண்வாகு அடித்தேன். கல்மழை வர வேண்டிய இடத்தில் கொடி வந்தது.

வெளியே போய் வடக்கு வாசல் வழியாக வந்தேன். கொடி. தெற்கு வாசல், கொடி. முற்றம் முழுக்கச் சுற்றி நடந்து அடித்தேன். கொடி. இது தாவலால் வந்ததில்லை, நிஜமான பிழை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு கிணற்றடியை யார் பார்க்கப்போகிறார்கள்? அந்த மனிதருக்கு இன்னொரு புகாரை நான் எப்படி அனுப்புவேன்? அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகவரியில் அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன். 'கல் தரையில் கொடி வருகிறது. மூன்று வழியிலும் நடந்து பார்த்தேன்.' அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பவில்லை, மறுத்து அனுப்பியிருந்தார். இந்த ஒரு வருடத்தில் அவர் யாருக்கும் மறுத்து எழுதியதே இல்லை.

'தவறான புகார். கல்லுக்கு நடுவுல பாசி இருக்கு. கிட்டப் போய்ப் பாருங்க. வேணும்னுதான் புல்லு வெச்சேன். மாத்த மாட்டேன்.'

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் நூல் மாதிரி பச்சை. முற்றம் முழுக்க, ஒரு இடுக்கு விடாமல் வரைந்திருக்கிறார். நான் மூன்று தடவை அதன் மேலேயே நடந்திருக்கிறேன்.

என் பெயரில் மூடினேன். அறுபத்து நான்கு.

"தெரிஞ்சுதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டார், திரும்பிப் பார்க்காமலேயே. பதினைந்து நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"தெரிஞ்சுதுண்ணா" என்றேன்.