சீ என்று சொல்லிவிட்டேன்

அன்பு மகளுக்கு, அப்பா என் சொந்தக் கையால் எழுதுவது. வேலைக்குப் போன ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் முழு சுகம், குட்டி முக்கால் சுகம், அந்தக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, காய்ச்சல் இல்லை, எங்கேயும் விழவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் போனில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும், அது உனக்கே தெரியும். குட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னால அம்மாகிட்ட சொல்ல முடியாது தாத்தா, நீங்க எழுதிடுங்க, ஆனா என்கிட்ட காட்டாதீங்க" என்றாள். எப்போதும் அவள்தான் என் பிழைகளைத் திருத்துவாள், இந்த முறை திருத்த ஆள் இல்லை, பொறுத்துக்கொள். எழுபத்தொரு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட எழுத்து, மூன்று நாளாக எழுதுகிறேன், ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன், எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம்தான் அருவருப்பு.

சனிக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து சோப்பு உறையைப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதெல்லாம் கையில் எது கிடைத்தாலும் விடுவதில்லை. குளியலறைப் பக்கமிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டையும் கருகின முடியும் சேர்ந்த நாற்றம், அதன்மேல் கொஞ்சம் ரோஜா வாசனையைத் தெளித்த மாதிரி, அந்த ரோஜாதான் இன்னும் குமட்டியது. முப்பத்திரண்டு வருடம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனுக்கு அந்த நாற்றத்தைத் தெரியாதா. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் மாட்டுத் தோலை ஊறப்போடுவோம், மறுநாள் கையை வைத்தால் முடி சாம்பல் நிறக் கூழாக வழுக்கிக்கொண்டு வரும், முழங்கை வரை அப்பிக்கொள்ளும், எத்தனை தரம் கழுவினாலும் சாப்பிடும்போது விரலில் அதுதான் மணக்கும். வேலையை விட்டுப் பதினோரு வருடம் கழித்து அது என் வீட்டுக்குள் வந்து நின்றால் புத்தி எங்கே ஓடும், ஏதோ தொழிற்சாலைக் கழிவு சாக்கடை வழியாக நம் குழாயில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். கதவைத் தட்டி, "சீ, சீ! என்ன கண்ணராவி நாத்தம் இது, செத்த மாடு தோத்துடும், யாரு உள்ள, வெளிய வா" என்று கத்தினேன். "நான்தான், வரேன், போங்க தாத்தா" என்றாள் குட்டி. நான் போகவில்லை. கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பிளம்பரைக் கூட்டி வந்தேன், அவர் கையில் வளைந்த கம்பியோடு வந்தார், உன் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள், மூன்று பேரும் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நின்றோம். உள்ளே அவள் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, "தண்ணியத் திறக்காதே, சாக்கடை மேல ஏறிடும்" என்று அதட்டினேன். அவள் மூடிவிட்டாள். பிளம்பர் வெளித்தொட்டியைத் திறந்து பார்த்தார், கம்பியை விட்டுக் குடைந்தார், திரும்பி வந்து கதவருகில் ஒரு தடவை மோந்தார், பிறகு என் காதில், "பெரியவரே, குழாய்ல ஒரு கோளாறும் இல்ல. எங்க வீட்லயும் மாசத்துக்கு ஒருநாள் இதே நாத்தம் வரும், என்னன்னு கேட்டா எம் பொண்டாட்டி கதவைச் சாத்திக்குவா. வாங்க, கீழ போய் டீ குடிக்கலாம்" என்றார். விவரமான மனிதர். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

அது முடி எடுக்கும் களிம்பு. கடையில் தானே போய் வாங்கியிருக்கிறாள். ஆறு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், முகத்தில் பூசவே கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருக்கிறது, பத்து பாஷை அச்சடித்து நம் எழுத்தைக் கடைசி மூலையில் எறும்பு மாதிரி வைத்திருக்கிறான், அதை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், அவள் படிக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கால் இரண்டும் வெந்நீர் கொட்டின மாதிரி சிவந்திருந்தது, மேலுதட்டில் கொப்புளம். உன் அத்தைக்கு அப்போதுதானா நாக்கு நீள வேண்டும், "கோழிய உரிக்கிற மாதிரி உரிச்சு வெச்சிருக்கா பாரு, பதிமூணு வயசுல யாருக்குக் காட்டப் போறா" என்றாள். களிம்பு நாற்றமாவது கழுவினால் போகும். "வாயை மூடு" என்று என் தங்கையை நான் அதட்டியது இந்த ஐம்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை, இரண்டு நாள் எனக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள்.

அவள் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. ஓட்டப் பயிற்சிக்கு அரைக்கால் சட்டை போட வேண்டும், வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளைகள், "கரடி ஓடுது, வழி விடுங்கடி" என்கிறார்களாம். ஒருத்தி மேலுதட்டைக் காட்டி, "உங்க அப்பாவோட மீசைய அவருகிட்ட திருப்பிக் குடுத்துடு" என்றாளாம். இரண்டு வாரமாகப் பயிற்சிக்கே போகவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அடுத்த மாதம் பந்தயம், பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன் என்கிறாள். தொழிற்சாலையில் என்னையும் கரடி என்றுதான் கூப்பிட்டார்கள், சட்டையைக் கழற்றினால் அப்படி இருப்பேன், கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு திரும்புவேன். ஆண்பிள்ளைக்கு அது பட்டப்பெயர், அவளுக்கு அது முகத்தில் துப்பின எச்சில். முடி என்னவோ நம் வீட்டு முடி, என் முதுகிலிருந்து உன் கைக்கு வந்து உன்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது, திட்டு மட்டும் அவளுக்கா.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் உன்னிடம் கேட்டாளாம், "மழிச்சா முரடா வளரும், பதினாறு முடியட்டும்" என்று நீ போனை வைத்துவிட்டாயாம். அம்மா, நான் ஐம்பது வருடத்துக்கு மேல் தினமும் மழித்தவன். முரடாக வளருவது உண்மையென்றால் இன்றைக்கு என் தாடையில் மூங்கில் முளைத்திருக்க வேண்டும், இருப்பது நாலு பஞ்சு. மருந்துக்கடைப் பெண்ணிடமும் கேட்டுவிட்டேன். புண்ணுக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு, அப்படியே ரேசர் என்று இழுத்தேன், "யாருக்கு தாத்தா" என்றாள், எனக்குத்தான் என்றேன், என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த களிம்பைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புண்ணு நல்லா ஆறினப்புறம் சோப்பு நுரை போட்டு மெதுவா மழிக்கச் சொல்லுங்க தாத்தா உங்களை, அடுத்தவங்க ரேசரை எடுக்க வேண்டாம், உதட்டுப் பக்கம் இப்போ போகவே வேண்டாம், ஆறலைன்னா டாக்டர்கிட்ட போங்க. முடி அப்படியே இருந்தாலும் ஒண்ணும் தப்பில்ல, அது உங்க இஷ்டம்" என்றாள். அப்படியே குட்டியிடம் ஒப்பித்தேன். எனக்கு வாய் கூசியது, அவளுக்குக் காது கூசியது, இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினோம். ரேசர் உறையை நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தபோது மட்டும், "நீங்க ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள என் முடி ரெண்டு தரம் வளந்துடும்" என்றாள். கொப்புளம் வந்த பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாற்றத்தைத்தான் சீ என்றேன், உன்னை இல்லை என்று குட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "நாத்தம் என் மேலேருந்துதான வந்துச்சு, ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா" என்றாள். முப்பத்திரண்டு வருடம் நான் அதே நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தேன், பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். உன் அம்மா ஒருநாள்கூட என்னைப் பார்த்துச் சீ என்றதில்லை, வெந்நீரை எடுத்துவைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பாள், அவ்வளவுதான். நீ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாய். நான் இருபது நிமிட நாற்றத்துக்கு ஒரு குழந்தையை ஊரைக் கூட்டிச் சீ என்றவன். இப்போது என்மேல்தான் எனக்குக் குமட்டல்.

நீயும் சீ என்றுதான் சொல்வாய் என்று குட்டி நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது, யாரைக் கேட்டுச் செய்தாய் என்று ஆரம்பிக்காதே. எரிகிறதா என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவளாகப் பேசட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், குனிந்து குனிந்து வேலை செய்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றை மறந்துவிடாதே: ரேசர் என் அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது. நீ சரி என்று அவளிடம் சொன்ன நிமிடம், புண் ஆறியிருந்தால், எடுத்துக் கொடுப்பேன். சொல்லாவிட்டாலும் பந்தயத்துக்கு முந்தின நாள் கொடுத்துவிடுவேன், அப்பா சொல்லவில்லையே என்று பிறகு சொல்லக் கூடாது என்றுதான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா