மணலுக்கு அடியில்

மார்ச் 4
நாளை எங்கள் ஊர் முன்னால் முதலாளியின் உல்லாசப் படகுக்கு நங்கூரம். நான்கு நாள். வெளியூர் மில்லில் வேலை பார்க்கும் என் மனைவியும் சண்டை போட்டு அதே நான்கு நாள் விடுப்பு வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். சேர்ந்து இருந்தது பதினோரு நாள்.

மார்ச் 5
கேப்டன் கடல் வரைபடத்தை என்னிடம் தள்ளி, அடியில் என்ன தரை என்று பார்க்கச் சொன்னார். வடக்கே சேறு, நங்கூரம் புதைந்து பிடிக்கும். தெற்கே, எங்கள் வீட்டு மொட்டைமாடி தெரிகிற இடத்தில், மணலுக்கான எழுத்து. “இங்க மணல் சார்” என்றேன். போட்டோம்.

நான்கு மணிக்கு நங்கூரம் பிடிக்காமல் படகு நகர்ந்தது. சங்கிலி கரகரவென்று அதிர்ந்தது. மறுபடி பார்த்தேன். மணல் எழுத்தை ஒட்டி ஒரு சாய்கோடு, அப்புறம் பாறைக்கான எழுத்து. மேலே மெல்லிய மணல், அடியில் பாறை. முதல் எழுத்திலேயே என் கண் நின்றுவிட்டது. ஏன் நின்றது — எனக்குத் தெரியாதா?

மார்ச் 6
வடக்கே போய்விடலாம் என்றார் கேப்டன். முதலாளி மறுத்துவிட்டார். விருந்தாளிகளுக்கு இங்கிருந்துதான் கரை அழகாம். ஆகவே இரண்டாவது நங்கூரம், இருபத்துநாலு மணி நேரக் காவல். கேப்டன் என்னைப் பார்த்தார். “மணல்னு சொன்னது நீதானப்பா. நீயே பாத்துக்க.” ஆறு மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் தூக்கம். கரை கிடையாது.

“விடு மாப்ளே,” என்றார் சமையல்காரர். “அடியில பாறை, மேல முதலாளி. நங்கூரம் எதைத்தான் பிடிக்கும்?”

சிரித்தேன். பிறகு எரிந்தது. தப்பு என்னுடையது, சரி. திருத்த அரை மணி நேரம் போதும். யாரோ வேடிக்கை பார்க்க என் நான்கு நாளா?

மார்ச் 7
மாடியில் நிற்கிறாள். போனில் பேசியபடி ஒருவரையொருவர் பார்க்கிறோம். முகம் தெரியவில்லை. “இதுக்கு நீங்க தூரமாவே இருந்திருக்கலாங்க,” என்றாள்.

மார்ச் 8
அவளிடம் போனில் சொல்லிவிட்டேன். வடக்கே நல்ல சேறு இருந்தும் தப்பாகப் படித்தது நான்தான், உன் மாடி தெரியும் என்றுதான்.

“அந்தச் சேத்துல போட்டிருந்தா வந்திருப்பீங்களா?” என்று கேட்டாள்.

“ம்.”

மார்ச் 9
முதலாளியும் விருந்தாளிகளும் காலையில் இறங்கிப் போனார்கள். உடனே படகை வடக்கே சேற்றுக்குக் கொண்டுபோனோம். கேப்டன் என்னைக் கரைக்கு அனுப்பினார்.

விடுப்பு முடிந்து அவள் முதல் பஸ்ஸிலேயே போயிருந்தாள். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். அடுப்படியில் சோறு மூடியிருந்தது. பக்கத்தில் இரண்டு தட்டு, கழுவிக் கவிழ்த்து. ஒன்றை நிமிர்த்திச் சாப்பிட்டேன். இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.