சாம்பல் வேண்டாமென்று நான் முழங்கிய பாலம்

மார்ச் 4
பெருமக்களே, நம் பாலம் நம் கண்முன்னே பிளக்கிறது, குற்றவாளி யார்?

மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம். தலைவனான நான் பேச இவ்வளவுதான் எழுத முடிந்தது. இடப்பாதி நான்காண்டாகக் கீறலின்றி நிற்கிறது. வலப்பாதித் தூண்களில் வலைபோல் விரிசல். ஒரே குவாரிக்கல், ஒரே சிமெண்டு. இடப்பாதியில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தார்கள், வலப்பாதியில் கலக்கவில்லை. கலக்கவிடாதவன் நான். 'குப்பையைக் கொட்டிப் பாலம் கட்டுகிறார்கள்' என்று முழங்கினேன். பொறியாளர் விளக்க வந்தார். கைதட்டலில் அவர் குரல் அமிழ்ந்தது.

மார்ச் 6
தங்கை கட்டுமான ஆய்வகத்தில் பணிபுரிகிறாள். கற்காரை ஏன் பிளக்கிறது என்றேன்.

"நீ கற்காரைன்னு சொல்லு, நான் கான்கிரீட்டுன்னு சொல்றேன். வீங்குறது ஒண்ணுதான் அண்ணே."

சிமெண்டிலுள்ள காரம் சிலவகைக் கற்களைத் தின்று பசையாக்குமாம். பசை நீரை உறிஞ்சிப் பருக்கும்; உள்ளிருந்தே பிளக்கும். சாம்பல் அந்தக் காரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இப்ப சாம்பலைப் பூசினா?"

"இறுகினதுக்குள்ள எப்படிப் போகும்? மேடையில ஏறுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்."

மார்ச் 8
வலப்பாதியைத் தாங்க ஆற்றின் நடுவே புதுத்தூண், இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி வார்ப்பு. அதே கல். ஒப்பந்தத்தில் 'சாம்பல் கூடாது' – என் போராட்டம் பெற்றுத் தந்த வரி. தங்கை சோதனைக் கட்டைகள் வார்த்திருக்கிறாள்.

மார்ச் 15
உறக்கமில்லை.

மார்ச் 24
கட்டைகள் பதினான்கு நாள் சூடான காரநீரில் ஊறின. சாம்பலற்ற கட்டை, அனுமதிக்கப்பட்ட வீக்க வரம்பைப்போல் மும்மடங்கு நீண்டுவிட்டது. இடப்பாதியில் இட்டதுபோல் நூற்றுக்கு முப்பது பங்கு சாம்பல் கலந்தது வரம்புக்குள் நின்றது. பத்துப் பங்கு கலந்தது? அதுவும் வரம்பைத் தாண்டிவிட்டது.

"பத்துன்னா சங்கத்துல எப்படியாவது பேசிச் சமாளிச்சிருப்பேன்மா..."

"உன் மானத்தை அளந்து கான்கிரீட் போட முடியாது அண்ணே."

மார்ச் 26
கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். செயலாளர் எழுந்தார்: "தலைவரே, நாலு வருசமா வீடு வீடா இதைத்தானே சொன்னோம்? இப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?" பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மார்ச் 27
பொறியாளரைப் பார்த்தேன். நாற்காலியைக் காட்டினார். "உங்க பேச்சை நிறைய கேட்டாச்சு. எழுதிக் குடுங்க."

எழுதினேன்: சாம்பலைத் தடுத்தது என் பிழை. ஒப்பந்தத்தின் 'சாம்பல் கூடாது' வரியை நீக்குங்கள். இடப்பாதிக்கு இட்ட கலவையையே புதுத்தூணுக்கும் இடுங்கள். அதுவரை வார்ப்பை நிறுத்துங்கள். வலப்பாதியில் கனரக வண்டிகளை இன்றே, இப்போதே தடுங்கள்.