ஏழு மூடிகளில் குங்குமம்

நியூ டவுன், கொல்கத்தா
செப்டம்பர் 12

அன்புள்ள வத்சலா அக்காவுக்கு,

உனக்கும் அத்திம்பேருக்கும் மாதங்கியின் நமஸ்காரங்கள். இங்கே மூவரும் சௌக்கியம். இப்படி எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதற்காக எழுதினேன். நம்பாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த ஃபிளாட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் பால்கனியில் கேட்கும். ரஞ்சனாவுக்கோ பாம்புச் செவி. ஒன்பது வயதில் பெங்காலியும் இங்கிலீஷும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் தமிழில் எழுதினால் ரகசியம் பத்திரம். காலை பதினொரு மணிக்கு மேல்தான் என் விரல்கள் மடங்குகின்றன, அப்புறம் கொஞ்ச நேரத்தில் வலிக்க ஆரம்பித்துவிடும். இது மூன்று நாளாக எழுதும் கடிதம். கையெழுத்து மாறி மாறி இருந்தால் பயப்படாதே.

நீ அனுப்பிய பள்ளி விண்ணப்பம் கிடைத்தது. அக்டோபர் முடிவதற்குள் பூர்த்தி செய்து அனுப்பிவிடுகிறேன். வரும் ஜூனிலிருந்து ரஞ்சனா திருச்சியில், உன் வீட்டில். கேட்டவள் நான்தான். நீ ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றாய், மாடி அறைக்கு வெள்ளையடித்து, மேசையும் வாங்கிப் போட்டுவிட்டாய். உன் வீட்டில் ஒரு குழந்தையின் சத்தம் கேட்க நீ எவ்வளவு வருஷம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இந்த முடக்குவாதத்தில் உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை அடிக்கிறது அல்லவா, அதை அடக்க ஆறு வருஷமாகத் தின்ற மாத்திரை இப்போது கேட்கவில்லை, ஈரலையும் தொட ஆரம்பித்திருக்கிறது. நவம்பரில் புது ஊசி தொடங்க வேண்டுமாம். அதற்குப் பிறகு எதிர்ப்பு சக்தி இன்னும் குறையும். ரஞ்சனாவுக்குப் பள்ளியில் ஜலதோஷம் பிடித்தால் எனக்கு அது ஆஸ்பத்திரியில் போய் முடியலாம். இங்கே மழை விட்டபாடில்லை, கீழே தேங்கிய தண்ணீரைப் பார்த்தாலே டெங்கு என்றுதான் நினைப்பு ஓடுகிறது. இவர் வாரத்தில் மூன்று நாள் ஹால்தியா துறைமுகத்துக்குப் போய்விடுகிறார். நான் படுத்துவிட்டால் அவளைப் பார்க்க யார்?

அவளுக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் கைவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மாத்திரை டப்பாவைக் கேட்டால் வைட்டமின் என்கிறேன்.

எனக்குத் தைரியம் சொல்வது இப்போது புத்தகங்கள்தான். இந்த மாதிரி நோயோடு பிள்ளை வளர்த்தவர்கள் எழுதிய சுயசரிதைகளை இவர் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி வருகிறார். எல்லாம் இங்கிலீஷ். ரஞ்சனா படித்துவிடுவாளே என்று ஏப்ரலில் அவள் புத்தகங்களுக்கு அட்டை போட்டபோது இவற்றுக்கும் சேர்த்து பிரவுன் பேப்பர் போட்டு, லேபிளில் 'கணக்கு' என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டிவிட்டேன். கணக்கு என்றால் அவள் பக்கத்திலேயே வரமாட்டாள்.

அதில் ஒருத்தி மலையூரில் டீச்சர். எனக்கு இருக்கும் அதே நோய். ஏழு வயதுப் பையனைத் தன் அக்காவிடம் அனுப்பிவைக்கிறாள். அவன் நன்மைக்காகத்தான் என்று அவள் எழுதியிருந்த இடத்தைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. அவளால் முடிந்தது என்றால் என்னாலும் முடியும். அதோடு புத்தகத்தை மூடி, உன் விண்ணப்பத்தை அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். தொலையாமல் இருக்கும்.

இன்னொன்று, நீ திட்டுவாய். ரஞ்சனா மே மாதம் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டுவிட்டாள். போட்டோ அனுப்பாததற்கு அதுதான் காரணம். பின்னல் எல்லாம் பழைய ஃபேஷன் என்று ஒரே பிடிவாதம். காலையில் நாலரைக்கு எழுந்து, வெந்நீரில் கையை ஊறவைத்து, எப்படியாவது அந்த இரட்டைப் பின்னலைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். என் பின்னல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று குளியலறையில் போய் அழுதேன். சிரிக்காதே.

உன் தங்கை,
மாதங்கி

நியூ டவுன், கொல்கத்தா
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

விஜயதசமி நமஸ்காரங்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, நிதானமாகப் படி. படித்ததும் என்மேல் கோபப்படு, ஆனால் அன்றைக்கே தணிந்துவிடு.

சரஸ்வதி பூஜைக்குப் பலகையில் எல்லாவற்றையும் அடுக்குவது எங்கள் வீட்டில் ரஞ்சனாவின் வேலை. வங்காளிகளுக்கு சரஸ்வதி பூஜை தை, மாசியில் வருவதால், தனக்கு மட்டும் வருஷத்தில் இரண்டு என்று அவளுக்குப் பெருமை. நான் குளித்துவிட்டு விளக்கேற்ற வந்தேன். வெளியே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பட்டுத் துணி மேல் இவருடைய லாப்டாப், காய் நறுக்கும் கத்தி, அவள் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்கு அடுத்து என் மணிக்கட்டுப் பட்டை. அதற்கு அடுத்து என் மாத்திரை டப்பா. கிழமைக்கு ஒன்றாக ஏழு மூடிகள் இருக்குமே, ஏழிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூடியில் மட்டும் பொட்டு பெரியதாக இருந்தது.

ஞாயிறு மாத்திரைதான் என்னைப் புரட்டிப் போடுவது. திங்கட்கிழமை முழுக்க வாந்தி, அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்பேன். எவ்வளவு சாமர்த்தியசாலி என்று நினைத்திருந்தேன்!

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாதே, அன்றைய மாத்திரைக்கு என்ன செய்வது என்று எனக்குப் பதற்றம். அதற்குள் அவளே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். புதன்கிழமை மாத்திரையை முன்பே எடுத்து வைத்திருந்தாள். ஆயுதம் என்றால் அவரவர் தினமும் வேலை செய்ய எடுப்பதுதானே என்றாள். கிண்ணத்தை வாங்கி, அவள் பார்க்கவே மாத்திரையை விழுங்கினேன்.

புத்தக அடுக்கின் உச்சியில் என் 'கணக்கு'ப் புத்தகம் இருந்தது. உள்ளே இங்கிலீஷில் அச்சடித்த உன் விண்ணப்பம். உருவி எடுத்துவிடலாம் என்று கை நீண்டது. சரஸ்வதி முன்னால் இருப்பதைத் திருட எனக்குத் தைரியம் இல்லை. அன்று முழுவதும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலையில் புத்தகம் பிரித்து ஆளுக்கு நாலு வரி படிக்க வேண்டும் அல்லவா. அவள் நேராக அதைத்தான் எடுத்தாள். நான் நிறுத்திய பக்கத்தைத் தாண்டிப் போய், கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். அந்த டீச்சர் இரண்டு வருஷம் கழித்துப் பையனைத் திரும்ப அழைத்து வருகிறாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்கிறான். பிறகு, கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாமா என்று அவளிடம் கேட்கிறான். தன் சொந்த வீட்டில்.

எனக்கு வேண்டியது கிடைத்த இடத்தில் நான் புத்தகத்தை மூடியிருக்கிறேன், அக்கா. ஒன்பது வயதுக் குழந்தை கடைசிவரை படித்திருக்கிறது.

ரஞ்சனா புத்தகத்தை மூடிவிட்டு, திருச்சியிலிருந்து திரும்பி வந்த பிறகு நம் வீட்டில் தானும் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று கேட்டாள். அழவில்லை. டூருக்கு என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். இவர்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அட்டை போட்ட அன்றைக்கே என் புத்தகம் ஒன்று அவள் பையில் கலந்து பள்ளிக்குப் போயிருக்கிறது. கணக்கு வகுப்பில் பிரித்தவள் விடாமல் படித்திருக்கிறாள். முடி வெட்டியதும் அதனால்தானா என்று கேட்டேன். இல்லை, ஃபேஷன்தான் என்று இன்னமும் சாதிக்கிறாள். என் விரல்களைப் பார்க்காமல் சொல்கிறாள்.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன், நவம்பர் ஊசியைச் சொன்னேன். நான் செத்துவிடுவேனா என்று கேட்டாள். இதனால் உடனே இல்லை, ஆனால் அம்மாவுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. சாயங்காலம் அடுத்த ஃபிளாட் வங்காளி மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், தேங்காய் உருண்டை கொண்டுவந்தபோது, எங்கள் அம்மாவுக்கு ஊசி போடப் போகிறார்கள், தும்மல் வந்தால் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள் என்று ரஞ்சனா அவரிடம் பெங்காலியில் உத்தரவு போட்டாள். இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லாததை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். மாஷிமா என் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளி வண்டியில் ஏற்றிவிடுவதும் இறக்கிக்கொள்வதும் இனித் தன் பொறுப்பு என்றார்.

பயம் போய்விடவில்லை. போன வாரம் கொடுத்த ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் லேபிலிருந்துதானோ என்று பார்க்கிறேன். அவளை இங்கேயே வைத்துக்கொள்வதும் தப்பாக இருக்குமோ என்று ஒரு நாளில் பத்துத் தடவை தோன்றுகிறது. ஆனாலும் அவளை அனுப்ப என்னால் முடியாது. விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் குங்குமம் பட்டிருக்கிறது.

உன் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்ட பாவம் எனக்கு. மன்னித்துவிடு. முடிந்தால் நவம்பர் முதல் வாரம் நீ இங்கே வா. முதல் ஊசி போடும் அன்றைக்கு எனக்கு நீ பக்கத்தில் வேண்டும்.

அந்த மேசையை யாருக்கும் கொடுத்துவிடாதே. மே மாத லீவுக்கு அவள் வருவாள், பதினைந்து நாள் உன் மடியிலேயே இருக்கட்டும். போக டிக்கெட் எடுக்கும்போதே திரும்பி வரும் டிக்கெட்டையும் நான் எடுத்துவிடுவேன். ஹௌராவில் ரயில் வந்து நிற்கும்போது அவளை இறக்கிக்கொள்ள நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். 'நிற்பாய்' என்று நீயும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லேன், அக்கா.

உன்,
மாதங்கி