தண்ணி ஆறிப்போச்சு என்றாய்

இன்று காலை என் மண்டியில் உன் ஊர் மலைப் புளி வந்து இறங்கியது. மூட்டையைப் பிரித்ததும் அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. வழக்கம்போல ஓர் உருண்டையை எடுத்து, கட்டைவிரலை மேலே வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் கல். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இந்த விரலை நம்பித்தான் இத்தனை வருடமாக என் வியாபாரம் நடக்கிறது. ஆனாலும் கல் தட்டுப்படும்போதெல்லாம் கை அப்படியே நின்றுவிடுகிறது. "இன்னா மொதலாளி, வெல சொல்லாம நிக்கிறீங்க?" என்றான் புளி கொண்டுவந்தவன். நீ வந்து நிற்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் கடைசியில் நாம் கல்லூரிக் கபடி அணியில் ஆடிக்கொண்டிருந்தோம். மேட்டில் ஓடினால் தம் கூடும் என்று கோச்சிடம் சொல்லி, மாசி மாதத்துப் பயிற்சி முகாமை ஜவ்வாது மலையில் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனவன் நீ. கீழே ஆலங்காயத்தில் வளர்ந்த எனக்கு விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கியது. நீயோ சட்டையில்லாமல் திரிவாய். "இன்னாடா, கீழூர் ராஜா நடுங்குறாரு? கம்பளி போத்தி வுடுங்கடா" என்று ஊரைக் கூட்டுவாய்.

ட்ரெய்னர் அண்ணனை நினைத்துக்கொள்கிறேன். கோச் ஆட்டம் சொல்லித் தருவார். அண்ணன் நம் உடம்பைப் பார்த்துக்கொள்வார். நம்மைவிட நாலைந்து வயதுதான் கூட. கணுக்கால் பிசகினால் கட்டுவார், தொடை பிடித்துக்கொண்டால் நீவிவிடுவார். வீட்டில் காட்ட முடியாத இடத்தையும் அவரிடம் காட்டுவோம். அன்று மரத்தடியில் பேசியதை நம்மிடம் பேச அவரைத் தவிர யாராலும் முடிந்திருக்காது.

ஓட்டம் முடிந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் உருட்டி வைத்திருந்த புளியில் ஓர் உருண்டையை அண்ணன் வாங்கி வந்து, நம் முன்னால் விரலால் உருட்டிக் காட்டினார்.

"மாசத்துக்கு ஒருக்கா, சுடுதண்ணி ஊத்திக்கினு, ஒங்க விரைய இப்டி உருட்டிப் பாருங்கடா. சூட்டுல பை தளந்து குடுக்கும். பின்னால கயிறாட்டம் மெத்துன்னு ஒண்ணு இருக்கும், அது எல்லாருக்கும் உண்டு, பயப்படாதீங்க. கல்லாட்டம் எதனா தட்டுப்பட்டா, வீங்கிக்கினா, என்கிட்ட வாங்க. ஒங்க வயசுலயே அங்க புத்துநோய் வரும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீதான் எழுந்து கேட்டாய், "வலிக்குமாண்ணே?"

"வலிக்கிறத நீங்களே வந்து சொல்லிடுவீங்கடா. நான் வலிக்காததக் கேக்குறேன்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வரிசையில் நின்ற பையன்கள் எல்லாம் கேலி. "டேய், இருக்குதா பாரு, மலையேறச்சொல்ல வுழுந்துடுச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். உன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "ஒண்ணு பாஸ், அண்ணே!"

அத்தனை பேரும் சிரித்தோம். அடுத்ததைச் சொல்வாய் என்று காத்திருந்தோம். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இன்னாடா சத்தத்தையே காணோம், இன்னொண்ணு பெயிலா?" என்றேன்.

"ஒண்ணுமில்லடா. தண்ணி ஆறிப்போச்சு."

அதை நம்பினேன். நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அன்று சாயங்காலமும் நீ நன்றாகத்தான் ஆடினாய்.

மழைக்காலத்தில் முதுகு வலிக்கிறது என்று அண்ணனிடம் போனாய். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "கீழ பாத்தியாடா?" என்று கேட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். "வூட்டுல சொல்லாதீங்கண்ணே" என்று மட்டும் கெஞ்சினாய். "ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ பஸ் ஏறு" என்றார். வாணியம்பாடி வழியாக வேலூர் போய்ச் சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் இருந்த என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றை எடுத்தார்கள். நோய் அதற்குள் வயிற்றுக்கு ஏறியிருந்தது; முதுகு வலித்தது அதனால்தான். ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாசியிலும் முகாம் அங்கேயே நடந்தது. அண்ணன் அதே மரத்தடியில், அதே புளி உருண்டையோடு ஆரம்பித்தார். புதுப் பையன்கள் சிரித்தார்கள். கம்பளி போர்த்தி, ஓரமாகப் போட்ட கட்டிலில் கிடந்த நீ எழுந்து நின்றாய். சிரிப்பு பாதியில் நின்றது.

"சிரிங்கடா. நானுந்தான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டுப் போய்ப் பாருங்க" என்றாய். பிறகு என்னைக் கைகாட்டினாய். "இவன்கிட்டதான் தண்ணி ஆறிப்போச்சுன்னேன். கைய வெக்க முடியாத சூடுடா அது. வலிச்சிருந்தா அன்னிக்கே அண்ணங்கிட்ட ஓடியிருப்பேன். வலிக்கல, வுட்டுட்டேன்."

ஒரு வருடம் கழித்துத்தான் அந்தத் தண்ணீரின் சூடு எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அந்தப் புதுப் பையன்களில் ஒருத்தன் அண்ணனிடம் போய் நின்றான். அவனுக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டு வைத்தியம் பார்த்தாயிற்று. இப்போது பேரன் எடுத்துவிட்டான். நான் லாபநஷ்டம் பார்த்தே பிழைப்பவன். ஆனால் உன்னைக் கொடுத்து அவனை வாங்கினோம் என்று கணக்கை முடிக்க என் மனம் ஒருநாளும் வந்ததில்லை. அந்த வருடம் மலையில் சாமை விதைப்பதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் அண்ணன் முகாம்தோறும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பையன்கள் சிரிக்கும் இடம் வந்ததும் உருண்டையைக் கையில் பிடித்தபடி நிற்பார். நீ எழுந்து பேசுவதற்கு இடம் விடுகிறாரோ என்று தோன்றும். கட்டில் கிடந்த பக்கம் எங்களில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இப்போது என் மண்டியில் மூட்டை தூக்கும் பையன்களிடம் நானே சொல்கிறேன். "மொதலாளிக்கு வயசாயிடுச்சு, பேச்சப் பாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்று, உன் வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் கல்லாவுக்குத் திரும்புகிறேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான். கேட்டால் போதும்.

நானும் இந்த வயதில் விட்டபாடில்லை. மாதம் ஒருமுறை குளியலறையில் ஆவி எழும்ப வெந்நீர் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன். முதல் ஒன்றைப் பார்த்து முடித்ததும் கை தானாக நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் காது போகிறது. ஒண்ணு பாஸ் என்று நீ கத்துகிறாய். பிறகு சொட்டுகிற சத்தம்.

"இன்னாங்க, உள்ள சத்தத்தையே காணோம்?" என்று என் மனைவி கதவைத் தட்டுகிறாள்.

"இருக்கேன், தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்குது" என்று சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி கத்துகிறேன்.